‘எல்லோரும் வரவில்லை’ என்றால் எத்தனை பேர் வந்தார்கள்? – கணிதம்: வாசகர் கேள்வி பதில்

கல்லூரிக் கணித வகுப்பைப் பற்றி, நடத்துபவர்களும் படிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்கு மெய்யெண் பகுப்பாய்வு நடத்துகிறேன். வகுப்பில் 60 பேர். பலகையில் நிரூபணம் போடும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தேர்வில் வரிக்கு வரி எழுதியும் விடுகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிக் கேட்டால் மொத்த வகுப்பும் மௌனம். எங்கே கோளாறு?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பெரும்பாலும் கோளாறு நிரூபணத்தில் இருக்காது. அதற்கு முந்தைய வாரம் வரையறையைக் கடந்துபோன வேகத்தில் இருக்கும். ‘ஒருங்கும் தொடர்முறை’ (ஓர் இடத்துக்குப் பிறகு உறுப்புகள் எல்லாம் ‘எல்லை’ என்ற ஓர் எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் கேட்டாலும் அவ்வளவு பக்கத்திலேயே இருக்கும் எண்வரிசை) என்பதன் வரையறைக்கு ஐந்து நிமிடம், அடுத்த நிமிடமே ‘தேற்றம் 1’. அந்தச் சொல்லுக்குக் கைவசம் நாலு உதாரணம்கூட இல்லாத மாணவர் மேல் தேற்றம் வந்து இறங்குகிறது. செய்யுளை ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது.

வரையறை சொல்லும் நாளில் தேற்றமே வேண்டாம். வரையறையைப் பலகையில் எழுதுங்கள். இருவர் இருவராக அமர்த்தி, அரைத்தாளில் நான்கு தொடர்முறைகள் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். ஒருங்க வேண்டும், ஆனால் ஏறிக்கொண்டே போகவும் கூடாது, இறங்கிக்கொண்டே போகவும் கூடாது. வரம்புடையதாக (உறுப்புகள் எல்லாம் ஏதோ இரண்டு எண்களுக்குள் அடங்கியதாக) இருக்க வேண்டும், ஆனால் ஒருங்கக் கூடாது. வரம்பற்றதாக இருக்க வேண்டும், ஆனால் அதற்குள்ளிருந்து ஒருங்கும் தொடர்முறை ஒன்றைப் பொறுக்கி எடுக்க முடிய வேண்டும். கடைசியாக, ஒருங்கவும் வேண்டும், வரம்பற்றதாகவும் இருக்க வேண்டும்.

முதலாவதற்கு 1, −1/2, 1/3, −1/4 என்று வந்துவிடும். இரண்டாவதற்கு 1, −1, 1, −1. மூன்றாவதில் வகுப்பு திணறும்; 1, 0, 2, 0, 3, 0 என்று யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும்வரை விடுங்கள். நான்காவது உலகத்திலேயே கிடையாது. அதை முன்கூட்டிச் சொன்னால் பயிற்சி வீண். தேடித் தேடிச் சலித்த பிறகு ஒருவர் முணுமுணுப்பார்: ‘ஓர் இடத்துக்கு அப்புறம் எல்லா உறுப்பும் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கு. அதுக்கு முன்னாடி இருக்கறது கொஞ்சம்தான். அப்புறம் எப்படிங்க எகிறும்?’ ஒருங்கும் தொடர்முறை வரம்புடையது என்ற தேற்றத்தின் முழு நிரூபணம் அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. அதை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் உங்களுக்கு மிச்சம்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஆசிரியரின் வாயால். அரை நிமிட அமைதியைத் தாங்க முடியாமல் விடையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் போதும், காத்திருந்தால் விடை தானாக வரும் என்று வகுப்பு கற்றுக்கொள்ளும். அது நீங்கள் நடத்தாத பாடம்; ஆனால் நன்றாகப் பதியும்.

அரைத்தாள்களை வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் போட வேண்டாம், புரட்டினால் போதும். 5, 5, 5, 5 என்ற தொடர்முறை ஒருங்காது என்று எழுதியவர்கள் இருப்பார்கள். ‘நெருங்கிக்கிட்டே போகணும், தொடக் கூடாது’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். பழியில் பாதி சொல்லுக்கும் உண்டு: ‘எல்லை’ என்றதும் தாண்டக் கூடாத ஊர் எல்லை நினைவுக்கு வருகிறது. மேலே சொன்ன 1, −1/2, 1/3 தன் எல்லையான 0-வை அடிக்கு ஒருமுறை தாண்டுகிறது என்பதை அப்போதே காட்டிவிடுங்கள்.

நிரூபணம் போடும் நாளில் ஒரே கேள்வி போதும்: எந்த நிபந்தனை எந்த வரியில் வேலை செய்தது? ‘மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் பெரும மதிப்பை எட்டும்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியின் இரு முனைகளையும் நீக்கிவிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் தலைகீழியைத் தரும் சார்பைப் பார்த்தால் அது மேலே போய்க்கொண்டே இருக்கிறது. முனைகளை வைத்துக்கொண்டு தொடர்ச்சியைக் கைவிடுவோம்: எண்ணையே மதிப்பாகத் தந்து, 1-ல் மட்டும் 0 தரும் சார்பு 1-ஐ நெருங்குகிறது, எட்டுவதில்லை. நிபந்தனையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என்ன உடைகிறது என்று பார்க்கப் பழகியவர் தேர்வில் மாற்றிக் கேட்டாலும் மிரள மாட்டார்.

‘ஒவ்வோர் எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு’ என்பதும் ‘ஒரு டெல்டா உண்டு, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும்’ என்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. வரிசை மாறினால் என்ன?
– பி.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்

பூட்டுக்கடைக்குப் போங்கள். ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு’ என்பது சாதாரணக் கடை. ‘ஒரு சாவி உண்டு, எல்லாப் பூட்டையும் திறக்கும்’ என்றால் கடைக்காரர் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதல் வாக்கியத்தில் பூட்டைப் பார்த்த பிறகு சாவியைத் தேடுகிறீர்கள். இரண்டாவதில் பூட்டைப் பார்க்கும் முன்பே சாவி கையில் இருந்தாக வேண்டும்.

தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடும் இதே வகைதான். எப்சிலான் (மதிப்பு எவ்வளவு விலகலாம் என்பது) முதலிலேயே தரப்பட்டுவிடும்; இங்கே பூட்டு என்பது புள்ளி, சாவி என்பது டெல்டா (அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு நகரலாம் என்பது). எண்ணை வர்க்கப்படுத்தும் சார்பில் எப்சிலானை 1 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 என்ற புள்ளியில் டெல்டா சுமார் 0.05-க்கு மேல் போக முடியாது. 1000-ல் சுமார் 0.0005 தான். புள்ளி தள்ளிப் போகப் போக டெல்டா சுருங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிச் சாவி இருக்கிறது, எல்லாவற்றையும் திறக்கும் சாவி இல்லை. ஆகவே மெய்யெண் கோடு முழுவதும் இந்தச் சார்பு தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி உடையதல்ல. புத்தகத்தில் இதைப் படிப்பதைவிட 10, 100, 1000 மூன்றுக்கும் டெல்டாவை நீங்களே கணக்கிடுவது மேல்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ‘எல்லோரும் வரவில்லை’ என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேச்சில் குரலும் சூழலும் காப்பாற்றிவிடும், கணிதத்தில் காப்பாற்றாது. ‘எல்லாச் சார்புகளும் தொடர்ச்சியானவை அல்ல’ என்று எழுதாதீர்கள். ‘தொடர்ச்சி இல்லாத சார்பு ஒன்றாவது உண்டு’ என்று எழுதுங்கள். மறுக்கும்போது ‘ஒவ்வொரு’ இருந்த இடத்தில் ‘ஒன்றாவது உண்டு’ வரும். ‘உண்டு’ இருந்த இடத்தில் ‘எதை எடுத்தாலும்’ வரும். ‘இல்லை’ வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பதன் மறுப்பு: ஒரு பூட்டாவது உண்டு, எந்தச் சாவியை எடுத்தாலும் அது திறப்பதில்லை.

அடுத்த பள்ளம் ‘ஒரு’ என்ற சொல். ‘ஒரு இரட்டைப்படை எண்ணை எடுத்துக்கொள், அதன் வர்க்கமும் இரட்டைப்படை என்று நிரூபி’ என்றதும் 4-ஐ எடுத்து, 16 இரட்டைப்படை, ஆகவே நிரூபிக்கப்பட்டது என்று முடிப்பவர்கள் உண்டு. குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. கேட்டது ‘எந்த’ இரட்டைப்படை எண்ணை எடுத்தாலும் என்ற பொருளில். வாக்கியமோ ‘ஏதோ ஒன்று’ என்று காதில் விழுகிறது. வினாத்தாளில் ‘ஒரு’வுக்குப் பதில் ‘எந்த’ என்று போட்டாலே இந்த வகை விடை குறையும்.

‘தொடர் (முடிவில்லாமல் போகும் கூட்டல்) ஒருங்கினால் அதன் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கும்’ என்று நடத்தினால், உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குவதைக் காட்டிவிட்டு ‘ஆகவே ஒருங்கும்’ என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வருகிறது.
– பொறியியல் கல்லூரி ஆசிரியை, கோவை

சிவப்பு மையால் இது போகாது. பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-ல் அமைத்த சீட்டுப் புதிரை வகுப்பில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேசையில் நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது அ, க், 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்ற விதி சரியா என்று சோதிக்க எந்தெந்தச் சீட்டுகளைக் கட்டாயம் புரட்ட வேண்டும்? பெரும்பாலோர் ‘அ, 4’ என்பார்கள். சரியான விடை அ, 7. நாலின் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும்.

உடனே அதையே உடை மாற்றிக் கேளுங்கள். கியர் பைக் ஓட்டுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பைக்கில் ஒருவர், சைக்கிளில் ஒருவர், 25 வயதுக்காரர், 15 வயதுப் பையன். யார் யாரை விசாரிக்க வேண்டும்? 25 வயதுக்காரரை யாரும் நிறுத்தப் போவதில்லை. அமைப்பு ஒன்றேதான், வகுப்பு சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லும். அதற்குப் பிறகு தொடருக்கு வாருங்கள். ‘உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன’ என்பது அந்த 25 வயதுக்காரர்: அவரிடம் பைக் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

1 + 1/2 + 1/3 + 1/4 + ... என்ற தொடரைக் கணினியில் கூட்டவும் சொல்லுங்கள். கூடுதல் 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். அவ்வளவு சோம்பேறித்தனமாக ஏறினாலும் நிற்பதில்லை.

நூறு எண்களுக்குச் சரிபார்த்துவிட்டால் போதாதா? நிரூபணம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.
– முதுகலை ஆசிரியர், விருதுநகர்

ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண், 41 மூன்றையும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண் வருகிறது. 40-ஐப் போட்டால் 1681, அதாவது 41 × 41. இது ஆய்லர் காட்டிய உதாரணம். 4294967297 பகா எண் என்றுதான் ஃபெர்மா நம்பினார். அது 641 × 6700417 என்று 1732-ல் பிரித்துக் காட்டியவரும் ஆய்லரே. இராமானுஜன் 1913-ல் ஹார்டிக்கு அனுப்பிய முடிவுகளிலும் பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் தவறாகப் போயின. அந்த உள்ளுணர்வுக்கே நிரூபணத்தின் துணை வேண்டியிருந்தது.

வகுப்பில் செய்துபார்க்க வட்டம் நல்லது. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லா ஜோடிகளையும் கோட்டால் இணைத்தால் உள்ளே எத்தனை துண்டுகள்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறு புள்ளிக்கு எண்ணும் முன்பே 32 என்று எழுதிவிடுவார்கள். எண்ணினால் 31.

ஒரு எச்சரிக்கை: ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் நடுவில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்து ஒரு துண்டு காணாமல் போகும், 30 தான் வரும். கோணல்மாணலாக வைக்கச் சொல்லுங்கள்.

ஏன் 31? ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது, ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் இன்னொன்றைக் கூட்டுகிறது, நான்கு புள்ளிகள் சேர்ந்தால் ஒரு வெட்டுப்புள்ளி. 1 + 15 + 15. ஏழு புள்ளிக்கு 57. பத்துக்கு 256 வரும், மறுபடியும் இரண்டின் அடுக்கு! அதை மட்டும் பார்த்தவர் பழைய நம்பிக்கைக்கே திரும்பிவிடுவார்.

படிக்கும்போது நிரூபணம் புரிகிறது. புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது.
– பி.எஸ்சி. மாணவர், திருச்சி

முதல் வரியைத் தேடாதீர்கள். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கொடுத்ததையும் வலப்பக்கம் கேட்டதையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் கலைச்சொல்லை அடித்துவிட்டு வரையறையைப் போடுங்கள்.

‘ஒரு குலத்தில் எந்த உறுப்பையும் வர்க்கப்படுத்தினால் சமனி உறுப்பு வரும் என்றால், அது பரிமாற்றுக் குலம்’ என்பது கணக்கு. (சுருக்கமாக, குலம் என்பது பெருக்கலும் அதன் தலைகீழும் செய்யக்கூடிய உறுப்புகளின் கூட்டம்; சமனி என்பது பெருக்கினால் எதையும் மாற்றாத உறுப்பு.) வலப்பக்கம்: எந்த க, ப எடுத்தாலும் கப = பக. இடப்பக்கம்: ‘எந்த உறுப்பையும்’. க-வின் வர்க்கம் சமனி, ப-வின் வர்க்கம் சமனி என்பதோடு நின்றால் ஒன்றும் நகராது. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வலப்பக்கம் கப இருக்கிறதே, அதுவும் குலத்தின் உறுப்புதானே? அதையும் வர்க்கப்படுத்துங்கள்: கபகப = சமனி. இடப்புறம் க-வால் பெருக்கினால் பகப = க. வலப்புறம் ப-வால் பெருக்கினால் பக = கப. முடிந்தது. நீங்கள் தேடிய முதல் வரி இடப்பக்கத்து ‘எந்த’ என்ற சொல்லுக்குள் இருந்தது.

இருபது நிமிடம் முயன்றும் நகரவில்லையென்றால் விடையின் ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். படிக்கும்போதும் நிரூபணத்தைத் தாளால் மறைத்து, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ஊகித்த பிறகே தாளை இறக்குங்கள். மறுநாள் எதையும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் நேற்று புரியவில்லை.

மூர் முறை என்கிறார்களே, நம் வகுப்புகளுக்கு ஒத்துவருமா?
– ஆய்வு மாணவர், சென்னை

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆர். எல். மூர் கடைப்பிடித்த முறை அது. வரையறைகளையும் கூற்றுகளையும் மட்டும் கொடுப்பார். புத்தகத்தைத் தொடக் கூடாது, ஒருவரோடொருவர் பேசக் கூடாது. அவரவர் நிரூபித்து வந்து பலகையில் காட்ட வேண்டும். பெரிய கணிதவியலாளர்கள் உருவானார்கள். கறுப்பின மாணவர்களை வகுப்பில் சேர்க்க மறுத்தவரும் அதே மூர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொறுக்கி எடுத்த சிறு வகுப்புக்கு அது ஓடும். 60 பேருக்கு அப்படியே போட்டால் ஐந்து பேர் பலகையில் நிற்பார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பேசக் கூடாது என்ற விதியை முதலில் தூக்கிவிடலாம். பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் 1970-களின் பிற்பகுதியில் இதற்கு நேரெதிராகச் செய்தார்: தனித்தனியே படித்துத் தோற்றுக்கொண்டிருந்த மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்து, எளிதாக்கிய பயிற்சியாக இல்லாமல் கடினமான கணக்குகளாகவே கொடுத்தார். நம் நாட்டில் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் முகாம், கோடை விடுமுறையில் வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்டுக் கேட்டே நடத்தும் வழியில் போகிறது. உங்கள் மாணவர்களில் இருவரையாவது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

60 பேர் வகுப்புக்கு: நான்கு பேர் கொண்ட 15 குழுக்கள், இரண்டு வாரத்துக்கு மூன்று கணக்குகள், பலகைக்கு வருபவர் யார் என்பது சீட்டுக் குலுக்கலில். குழுவில் யார் பெயர் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். மாணவரைப் பங்கேற்கவைக்கும் வகுப்புகளை வெறும் விரிவுரையோடு ஒப்பிட்ட 225 ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2014-ல் வெளியானது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் தோல்வி விகிதம் விரிவுரையில் 33.8 சதவீதம், பங்கேற்பு வகுப்புகளில் 21.8 சதவீதம்.

வினாத்தாள் பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிறது. ‘தேற்றத்தைக் கூறி நிரூபி’ என்றே கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. இதெல்லாம் நடக்கிற காரியமா?
– இணைப் பேராசிரியர், சேலம்

வெளித்தேர்வு உங்கள் கையில் இல்லை, அகமதிப்பீடு இருக்கிறது. அதில் ஐந்து மதிப்பெண்ணைத் ‘தவறைக் கண்டுபிடி’ வகைக்கு ஒதுக்குங்கள். ஒரு மாதிரி: ‘சமச்சீரும் கடப்பும் உள்ள உறவு தற்சுட்டு உறவாகவும் (ஒவ்வோர் உறுப்புக்கும் தன்னோடே உறவு உள்ளதாகவும்) இருக்கும். ஏனெனில் க-வுக்கு ப-வோடு உறவு. சமச்சீரால் ப-வுக்குக் க-வோடு உறவு. கடப்பால் க-வுக்குத் தன்னோடே உறவு.’ எந்த வரி தவறு? முதல் வரி. க-வோடு உறவுள்ள ப என்ற ஒன்று இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? 1, 2 என்ற இரண்டே உறுப்புகளில் 1-க்குத் தன்னோடு மட்டும் உறவு, 2-க்கு யாரோடும் இல்லை என்றால் கதை முடிந்தது. வரியைச் சுட்டுவதற்கு இரண்டு மதிப்பெண், எதிர் எடுத்துக்காட்டுக்கு மூன்று. இதை மனப்பாடம் செய்ய முடியாது. திருத்துவதற்கும் தாளுக்கு ஒரு நிமிடம் போதும்.

நேரத்துக்கு வழி: வெறும் கூட்டல் கழித்தலாகப் போகும் நீண்ட நிரூபணங்களைப் பலகையில் எழுதாதீர்கள். அவற்றைப் படித்துவரச் சொல்லிவிட்டு, ஐந்து வகுப்புக்கு ஒரு வகுப்பை மிச்சம் பிடியுங்கள்.

வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிவருகிறார்கள். தடுப்பது எப்படி?
– கௌரவ விரிவுரையாளர், நாகர்கோவில்

தடுக்க முயல்வதைவிட அந்த விடையையே பாடமாக்குங்கள். செயலி கொடுத்த நிரூபணத்தை அச்செடுத்துவந்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த வரையறையால் அல்லது எந்த நிபந்தனையால் வந்தது என்று கையால் எழுதச் சொல்லலாம். ‘எளிதில் காணலாம்’ என்று தாண்டிப் போன இடங்களில் சிவப்பு வட்டம் போடவும் சொல்லுங்கள். வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன் பிறகு வாரத்துக்கு ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், கையில் தாள் இல்லாமல் பலகைக்கு. கேள்வி ஒன்றே: ‘இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த வரியில் நிற்கும்?’